புதுப்பிப்பு: மேல் அறைக் கூரைக்கு எந்தத் தகடு?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மேல் அறைக்குள் வெயில் சூடு இறங்காமல் இருக்க, தகரக் கூரைக்குக் கீழே 5 மி.மீ. ஃபொயில் ஃபோம் (பளபளப்பான அலுமினியத் தாள் ஒட்டிய மெல்லிய ஃபோம்) போதுமா, 25 மி.மீ. தடித்த ஃபோம் தகடு வேணுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. வேலை முடிந்துவிட்டது.

முதலில் கணக்கு. தடிப்பை (மீட்டரில்) வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் வெப்பத்தடை வரும்; அது கூடக்கூட சூடு குறைவாக இறங்கும். சாதாரண ஃபோமுக்குக் கடத்துதிறன் ஏறத்தாழ 0.035. ஆக 5 மி.மீ. தருவது 0.14 மட்டுமே. அதே ஃபோம் 25 மி.மீ. என்றால் 0.7, அதே தடிப்பில் பொலிஐசோ (சூட்டை இன்னும் நன்றாகத் தடுக்கும் கடின ஃபோம்) தகடு 1.1 அளவில். ஏரோஜெல் (மிக நுண்ணிய காற்றறைகள் நிறைந்த, மிக இலேசான பொருள்) 10 மி.மீ.யிலேயே 0.6ஐத் தாண்டும், ஆனால் விலை எங்களுக்குக் கட்டாது. "மெல்லிய ஃபொயில் 50 மி.மீ. ஃபோமுக்குச் சமம்" என்று கடையில் சொன்னதை நம்பாதேங்கோ.

அதுக்காக ஃபொயில் வீண் இல்லை. சுட்ட தகரம் கீழ்நோக்கி வீசும் கதிர்வெப்பத்தில் பெரும்பங்கை அது தடுக்கும். ஆனால் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் 25 மி.மீ. அளவு காற்று இடைவெளி கட்டாயம். எங்கள் பாஸ் (வேலை செய்த மேசன்) முதலில் ஃபொயில் ஃபோமைத் தகரத்தோடு ஒட்டியே அடித்துவிட்டார். மத்தியானம் அறை முந்தி மாதிரியே அவிந்தது. கழற்றி, சலாகை (மரச் சட்டம்) வைத்து இறக்கி, பளபளப்பைக் கீழ்நோக்கித் திருப்பி அடித்தோம். மேல்நோக்கி இருந்தால் தூசி படிந்து பலன் குறையும்.

இப்போது அம்மா பகலிலும் அங்கே படுக்கிறா. கொங்கிறீற் தட்டுக்கு மேலே போடுகிறவர்கள், அங்கே காற்று இடைவெளி கிடைக்காததால், ஃபொயிலை விடுங்கோ, தடித்த தகடுதான் சரி.