ஹெரால்டு ரேடியேட்டர் ஹோஸ் கிளிப்: எது ஒரிஜினல்? (அவசரம்)

அப்பாவின்_ஹெரால்டு | வியாழன் இரவு 10:42
நண்பர்களே, உடனே உதவி வேண்டும். அப்பாவின் பழைய ஹெரால்டு காரை முழுசாகப் பிரித்து மறுபடி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பெயின்ட், சீட், வயரிங் எல்லாம் முடிந்தது. ரேடியேட்டர் ஹோஸ் மட்டும் பாக்கி. ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையக் கிளிப்பில் எதைப் போட்டால் கம்பெனியில் இருந்து வந்த மாதிரி இருக்கும்? கடையில் நாலு விதம் காட்டுகிறார்கள். ஞாயிறு காலை பழைய கார் கண்காட்சி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுப்பேட்டை_பக்கம் | 10:58
என்ன வருஷம்? ரெண்டு கதவா, நாலு கதவா? இங்கிலாந்து டிரையம்ப்பா, மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டா? பழைய கிளிப் இருக்கிறதா? படம் போடுங்கள்.

கோவை_கேரேஜ் | 11:03
நானும் அதையேதான் கேட்க வந்தேன். ஹோஸின் வெளிவிட்டம் எத்தனை மில்லி? அதைச் சொல்லாமல் கிளிப் சொல்ல முடியாது.

டொரண்டோ_தமிழன் | 11:20
அந்தக் காலத்து வண்டி என்றால் டவர் கிளிப்தான். திருகு கோபுரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். என் செவ்ரலேயில் சிகாகோ விட்டெக் கம்பெனியின் கிளிப்தான் இருக்கிறது, பட்டையிலேயே பெயர் அச்சிட்டிருக்கும். இப்போது அதே அச்சில் புதிதாகவும் செய்து விற்கிறார்கள். வாங்கிப் போட்டால் பார்ப்பவர்கள் அசந்துவிடுவார்கள்.

ஸ்டாண்டர்ட்_சீனியர் | 11:41
டொரண்டோ நண்பரே, அது அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் வழக்கம். ஹெரால்டு பிரிட்டிஷ் வண்டி, இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலாட்டி வரைந்தது, 1959இல் இங்கிலாந்தில் வந்தது, 1961இல் மெட்ராஸில் தொடங்கியது. இதில் டவர் கிளிப் மாட்டினால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். இந்த வண்டியில் பானட், மட்கார்டு எல்லாம் சேர்த்து மூக்கோடு முன்பக்கம் சாய்ந்து திறக்கும். எஞ்சினில் ஒரு கிளிப்பைக்கூட ஒளிக்க முடியாது. இது அடிப்படை விஷயம். இந்த மன்றத்தின் பழைய உரையாடல் இழைகளைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும்.

அப்பாவின்_ஹெரால்டு | வெள்ளி காலை 6:15
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 1967, ரெண்டு கதவு, 948 சிசி, மெட்ராஸ் வண்டி. ஹோஸ் வெளிவிட்டம் 41 மில்லி. வந்தபோது மேல் ஹோஸில் ரெண்டு கிளிப், கீழ் ஹோஸில் ரேடியேட்டர் பக்கம் ஒன்று இருந்தது. மூன்றும் ஒரே மாதிரி: அறுகோணத் தலை, பட்டையில் வரிசையாகத் துளை, "32-50" என்றும் "டபிள்யூ2" என்றும் எழுத்து. இதுதானே ஒரிஜினல்?

ஸ்டாண்டர்ட்_சீனியர் | 7:02
இல்லை. டபிள்யூ1, டபிள்யூ2, டபிள்யூ4 என்பது ஜெர்மன் தரநிலையின் உலோகக் குறியீடு. டபிள்யூ2 என்றால் பட்டை ஸ்டெயின்லெஸ், திருகு முலாம் பூசிய இரும்பு. உங்கள் வண்டிக்கு யாரோ பின்னாளில் மாட்டியது. மில்லிமீட்டர் எழுத்தைப் பார்த்தாலே தெரிய வேண்டாமா? அறுபதுகளில் எல்லாம் அங்குலம்தான்.

கணக்கு_வாத்தியார் | 7:30
சீனியர் ஐயா, முதல் பாதி சரி, கடைசி வரி சரியில்லை. நம் நாட்டில் மெட்ரிக் சட்டம் 1956இல் வந்துவிட்டது, 1962க்குள் கடைத்தெரு வரை மெட்ரிக் ஆகிவிட்டது. 1967 வண்டியில் மில்லி எழுத்து இருப்பதை மட்டும் வைத்துப் புதுசு என்று தள்ள முடியாது.

ஸ்டாண்டர்ட்_சீனியர் | 7:44
சட்டம் அரிசி எடை போடும் கடைக்கு. ஹெரால்டில் ஒரு போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், யுஎன்எஃப் என்ற அங்குல அளவு மரைதான், அங்குல ஸ்பேனர்தான். முப்பது வருஷமாக இந்த வண்டிகளோடு இருக்கிறேன்.

கணக்கு_வாத்தியார் | 7:51
போல்ட் இங்கிலாந்து வரைபடத்தின்படி வந்தது, ஒப்புக்கொள்கிறேன். கிளிப் அப்படி இல்லை. வெளியில் வாங்கும் சாமான், எந்தக் கடைக்காரரும் செய்து கொடுக்கலாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

புதுப்பேட்டை_பக்கம் | 8:20
தம்பி, நாலாவது கிளிப் எங்கே? கீழ் ஹோஸில் வாட்டர் பம்ப் பக்கம் இருப்பதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே. ஐம்பது வருஷத்தில் வண்டி எத்தனை மெக்கானிக் கைக்குப் போயிருக்கும்! மேலே கண்ணுக்குத் தெரிவதை எல்லோரும் மாற்றுவார்கள், கை எட்டாத மூலையில் இருப்பதை யாரும் தொடமாட்டார்கள். பழசு எங்கேயாவது மிஞ்சியிருந்தால் அங்கேதான் இருக்கும். கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பித்தளை பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், எழுத்து போய்விடும்.

கோவை_கேரேஜ் | 8:47
என் சந்தேகம் இரட்டைக் கம்பிக் கிளிப் மேல். ரெண்டு கம்பியும் ஒரு திருகும் உள்ள வகை. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

புதுப்பேட்டை_பக்கம் | 9:05
கோவை அண்ணே, அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பழைய ஹோஸைத் தூக்கிப் போடவில்லையே தம்பி? ரப்பரில் கிளிப் தடம் இருக்கும். கம்பி என்றால் ரெண்டு மெல்லிய கோடு பள்ளமாகத் தெரியும். துளைப் பட்டை என்றால் ரப்பர் அந்தத் துளைகளுக்குள் பிதுங்கி ஏணிப்படி மாதிரி தடம் விழும். துளை இல்லாமல் பல்லை அழுத்தி எடுத்த பட்டை என்றால் வழவழப்பான ஒரே பள்ளம். ஜூபிளி என்ற பிரிட்டிஷ் கிளிப் இதில் கடைசியாகச் சொன்ன வகை. 1921இல் லம்லி ராபின்சன் என்ற கடற்படை கமாண்டர் காப்புரிமை வாங்கியது, இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஜில்லிங்ஹாமில் செய்தது. அதன் அளவுகளே தனி: 1ஏ என்றால் 22-30 மில்லி, 1எக்ஸ் 30-40, 2ஏ 35-50. உங்கள் 41 மில்லி ஹோஸ் 2ஏயில் நிம்மதியாக உட்காரும்.

நெடுஞ்சாலை_நண்பன் | 9:40
எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? நல்ல ஸ்டெயின்லெஸ் கிளிப் நாலு போட்டுவிட்டு வண்டியை ஓட்டுங்கள். வழியில் ஹோஸ் கழன்றால் கண்காட்சிப் பரிசு வந்து தண்ணீர் ஊற்றாது.

ஸ்டாண்டர்ட்_சீனியர் | 9:52
இப்படிப் பேசித்தான் ஊரில் ஒரு ஒழுங்கான ஹெரால்டு மிச்சமில்லை.

நெடுஞ்சாலை_நண்பன் | 10:10
ஒழுங்கான வண்டி என்றால் ஓடுகிற வண்டி. என்னுடையது ஏற்காடு ஏறி இறங்குகிறது, உங்களுடையது டிரெய்லரில் வருகிறது.

கோவை_கேரேஜ் | 10:34
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அறுபதுகளின் பல பிரிட்டிஷ் வண்டிகளில் ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தம் 4 அல்லது 7 பிஎஸ்ஐதான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). இன்றைய கார்களில் 13, 16 என்று போகிறது. அவ்வளவு குறைந்த அழுத்தத்துக்குப் பழைய வகை கிளிப் தாராளமாகத் தாங்கும். ஹோஸ் கழன்று போவதற்குக் காரணம் பெரும்பாலும் கிளிப் இல்லை, ஊறிப்போன ரப்பர்தான். இன்னொன்று, பழைய பித்தளை ரேடியேட்டரின் கழுத்து மெல்லியது. ஆத்திரத்தில் முறுக்கினால் நசுங்கிவிடும், பற்றவைப்பு விட்டுப் போகும். அளவாக இறுக்கி, எஞ்சினை ஒருமுறை சூடாக்கி, ஆறவிட்டு மறுபடி அரைச் சுற்று இறுக்குங்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

நெடுஞ்சாலை_நண்பன் | 10:41
அது சரி, கூலண்ட் ஊற்றுகிறீர்களா, வெறும் தண்ணீரா?

கணக்கு_வாத்தியார் | 10:55
வார்ப்பிரும்பு எஞ்சின், வெறும் தண்ணீர் என்றால் உள்ளே துருதான். சென்னையில் உறையும் பயம் இல்லை, ஆனாலும் துருத்தடுப்புக்காகக் கூலண்ட் வேண்டும்.

ஸ்டாண்டர்ட்_சீனியர் | 11:08
இழை கிளிப்பைப் பற்றியது. கூலண்டுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

புதுப்பேட்டை_பக்கம் | மாலை 5:30
தம்பி, பம்ப் பக்கம் கழற்றினீர்களா? எல்லோரும் காத்திருக்கிறோம்.

அப்பாவின்_ஹெரால்டு | சனி இரவு 11:17
கழற்றினேன். கிரீசும் மண்ணும் அப்பிக் கிடந்தது. துளை இல்லாத பட்டை, அழுத்தி எடுத்த பல், தட்டைத் திருப்புளி போடும் வெட்டு. பெயர் துருவில் போய்விட்டது, "2ஏ" மட்டும் தெரிகிறது. பழைய ஹோஸின் அந்த முனையில் வழவழப்பான ஒரே பள்ளம். மற்ற மூன்று முனைகளில் ஏணித் தடம், ஆனால் மேல் ஹோஸின் ஒரு முனையில் ஏணிக்குக் கீழே இன்னொரு வழவழப்பான பள்ளமும் இருக்கிறது. புதுப்பேட்டையில் இன்று அதே மாதிரி பழைய 2ஏ மூன்று கிடைத்தது. மாட்டி, சூடாக்கி, ஆறவிட்டு, அரைச் சுற்று. ஒழுகவில்லை. எல்லோருக்கும் நன்றி, காலையில் ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும்.

ஸ்டாண்டர்ட்_சீனியர் | 11:31
ஏணிக்குக் கீழே இன்னொரு தடம் என்பது முக்கியமான விஷயம். அந்த ஹோஸைத் தூக்கிப் போடாதீர்கள். படம் எடுத்து இங்கே போடுங்கள்.

கோவை_கேரேஜ் | ஞாயிறு இரவு 9:05
கண்காட்சி எப்படிப் போயிற்று? அந்த மூன்று கிளிப் எந்தக் கடையில் கிடைத்தது என்று சொல்லுங்கள். எனக்கும் நாலு வேண்டும்.

புதுப்பேட்டை_பக்கம் | புதன் காலை 7:48
ஹோஸ் படம்?