கவர் லெட்டரில் "நாங்கள்" வேண்டாம், "நான்" என்று எழுதுங்கள்

புது நாட்டுக்கு வந்து நிதித்துறையில் வேலை தேடும் தம்பி தங்கைகளின் கவர் லெட்டர்களை, அதாவது விண்ணப்பத்தோடு அனுப்பும் அறிமுகக் கடிதங்களை, சில வருடங்களாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். படிப்பிலும் உழைப்பிலும் யாரிடமும் குறை கண்டதில்லை. ஆனால் முக்கால்வாசிக் கடிதங்களில் எழுதியவர் என்ன செய்தார் என்பதே புரிவதில்லை. "எங்கள் குழு அறிக்கைகளைத் தயாரித்தது", "கணக்கு முடிப்பில் பங்கேற்றேன்" என்றே போகும். தன்னைப் பற்றித் தானே பேச நமக்குக் கூச்சம். அப்படியே வளர்ந்துவிட்டோம். ஆனால் கடிதத்தைப் படிப்பவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார். சொல்ல ஒன்றும் இல்லை போல என்று அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார்.

நானும் முதலில் "மாதக் கணக்கு முடிப்பில் உதவினேன்" என்றுதான் எழுதியிருந்தேன். துறையில் மூத்த அக்கா ஒருவர் படித்துவிட்டு, "உதவினேன் என்றால் என்ன செய்தாய்?" என்று கேட்டார். வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு முழுவதும் என் பொறுப்பு, கையால் வரி வரியாக ஒப்பிட்டதை எக்செலில் உள்ள பவர் குவெரி என்ற கருவிக்கு மாற்றினேன், 9 நாள் இழுத்த வேலை 6 நாளில் முடிந்தது என்று சொன்னேன். "இதை ஏன் எழுதவில்லை?" என்றார். அந்த மூன்று வரிகளும்தான் பிறகு என் கடிதத்தின் இரண்டாவது பத்தி ஆயின. நேர்காணல்களில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வந்தது.

எல்லாச் சாதனைகளையும் அடுக்க வேண்டாம், அதற்கு ரெஸ்யூமே இருக்கிறது. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நீங்களே செய்த ஒரு வேலையை எடுத்து, முன்பு எப்படி இருந்தது, நீங்கள் எதை மாற்றினீர்கள், என்ன பலன் என்று எண்ணோடு சொல்லுங்கள். லட்சம், கோடி என்று எழுதினால் பலருக்குப் புரியாது. 10 லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி 10 மில்லியன். எந்த நாணயம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நிறுவனத்தை வாங்குவது, விற்பது போன்ற, வெளியில் அறிவிக்கப்படாத டீல் என்றால் வாடிக்கையாளர் பெயரைச் சொல்லவே கூடாது. "நடுத்தர அளவிலான உற்பத்தி நிறுவனம்" என்றால் போதும். பழைய இடத்தின் ரகசியத்தைக் கடிதத்திலேயே கொட்டுபவரை யார் நம்பி வேலைக்கு எடுப்பார்கள்?

அடுத்தது, "ஏன் எங்கள் நிறுவனம்?" என்ற பத்தி. "உலகப் புகழ்பெற்ற நிறுவனம்" என்ற வரியை எந்த வங்கிக்கும் அனுப்பலாம், அதனாலேயே அது வீண். அவர்களுடைய ஆண்டறிக்கையைத் திறந்து, நீங்கள் கேட்கும் பிரிவைப் பற்றி நிர்வாகம் என்ன சொல்லியிருக்கிறது என்று ஒரு மணி நேரம் படியுங்கள். ஈக்விட்டி ரிசர்ச், அதாவது நிறுவனப் பங்குகளை ஆராயும் வேலை என்றால், அவர்கள் கவனிக்கும் துறையில் உங்கள் கணிப்பு ஒன்றை இரண்டு வரியில் வையுங்கள். ரிஸ்க், அதாவது இழப்பு அபாயத்தைக் கணிக்கும் வேலை என்றால், நீங்கள் கையாண்ட கணிப்பு மாடல் எங்கே சறுக்கும் என்று சொல்லுங்கள். பழைய கடிதத்தைத் திருத்தி அனுப்பும்போது முந்தைய வங்கியின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

சிஎஃப்ஏ (சிஎஃப்ஏ இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு மூன்று நிலைகளில் நடத்தும் முதலீட்டுத் துறைத் தேர்வு) படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. இரண்டாம் நிலை தேறியதும் பெயருக்குப் பின்னால் "சிஎஃப்ஏ லெவல் 2" என்று பட்டம்போல் போடுவது அந்த அமைப்பின் விதிக்கே எதிரானது. மூன்று நிலைகளையும் தேறி, பணி அனுபவமும் உறுப்பினர் தகுதியும் பெற்ற பிறகுதான் அந்தப் பட்டம். "இரண்டாம் நிலைத் தேர்வில் தேறியுள்ளேன்" என்று உள்ளபடி எழுதுங்கள்.

"ரெஸ்பெக்டட் சார்" வேண்டாம், படிப்பவர் பெண்ணாகவும் இருக்கலாம். பெயர் தெரிந்தால் பெயர், இல்லையென்றால் "டியர் ஹயரிங் மேனேஜர்". அப்பா பெயர், திருமண விவரம் எதுவும் தேவையில்லை. வேலை செய்யும் அனுமதி கையில் இருந்தால் கடைசியில் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்.

முழுக் கடிதம் எழுதத் தயங்குபவர்கள் அந்த இரண்டாவது பத்தியை மட்டும், நிறுவனப் பெயர்களை நீக்கிவிட்டு, இங்கே போடுங்கள். வார இறுதியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறேன்.