மீன்வால் போல அசையும் உந்துமுறை: புரொப்பல்லருக்கு மாற்றாகுமா?

நாணல்:
எங்கள் ஊர் ஏரியில் மின்மோட்டார் பொருத்திய சிறு படகு ஒன்றை ஓட்டி வருகிறோம். ஆகாயத்தாமரையின் வேர்கள் புரொப்பல்லரில் சுற்றிக்கொள்வதால், மோட்டாரை நிறுத்தி, மேலே தூக்கி, வேரை அறுத்தெடுப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. மீனின் வாலைப் போல இருபுறமும் அசையும் தகடு ஒன்றைப் படகின் பின்புறத்தில் பொருத்திப் பார்க்க எண்ணியுள்ளேன். ஆனால் எத்தனையோ புதிய முறைகள் வந்த பின்னரும் கப்பல்கள் பெரும்பாலும் புரொப்பல்லரையே நம்பியிருப்பதால், இம்முயற்சிக்கு அடிப்படையிலேயே தடை ஏதும் உண்டோ என்ற ஐயம் எழுகிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நீரோட்டம்:
அப்படித் தடை எதுவும் இல்லை. ஒரே அளவு உந்துவிசையைக் கொஞ்சம் நீரை வேகமாகத் தள்ளியும் பெறலாம், நிறைய நீரை மெதுவாகத் தள்ளியும் பெறலாம். இரண்டாவது வழியில்தான் ஆற்றல் குறைவாக வீணாகும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் செல்லும் படகிலிருந்து நீர் 4 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வெளியேறினால், உராய்வே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் செயல்திறன் (செலவாகும் ஆற்றலில் படகை நகர்த்தப் பயன்படும் பங்கு) 67 விழுக்காட்டைத் தாண்டாது. அதுவே 2.5 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் உச்சவரம்பு 89 விழுக்காடாக உயரும். அதற்கு அகன்ற பரப்பு வேண்டும். ஆழமற்ற ஏரியில் புரொப்பல்லரின் விட்டத்தை விருப்பம்போல் கூட்ட முடியாது. பக்கவாட்டில் வீசும் தகடோ ஆழம் குறைந்த இடத்திலும் அகலமாக நீரைத் துழாவும்.

ஹோபி நிறுவனத்தின் மிதிபடகுகளில், மிதிக்கும்போது படகின் அடியில் இரு துடுப்புகள் பக்கவாட்டில் வீசும் மிராஜ் டிரைவைப் பாருங்கள். ஒவ்வொரு துடுப்பின் முன்விளிம்பிலும் விறைப்பான கம்பி இருக்கிறது. மற்ற பகுதி வளைந்து கொடுப்பதால், எந்தப் பக்கம் வீசினாலும் நீர் பின்னோக்கியே தள்ளப்படுகிறது. முழுவதும் விறைப்பான தகட்டை வைத்தால் ஆற்றலில் பெரும்பகுதி நீரைப் பக்கவாட்டில் அலைக்கழிப்பதிலேயே செலவாகிவிடும்.

மரக்கலம்:
புரொப்பல்லரும் ஒரு காலத்தில் இப்படி ஐயத்தோடு பார்க்கப்பட்ட புதுமைதான். பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் திருகு வடிவப் புரொப்பல்லருக்கு 1836-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு லண்டனில் ஒரு கால்வாயில் நடந்த சோதனையில், இரண்டு சுற்று கொண்ட அவருடைய மரத்திருகு பாதியாக உடைந்தபோது, படகு முன்பைவிட வேகமாகச் சென்றது. 1845-இல் திருகு பொருத்திய ராட்லர் கப்பல், பக்கச்சக்கரக் கப்பலான அலெக்டோவைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது பக்கச்சக்கரம் நீரைவிட்டு வெளியே வந்துவிடும்; திருகுக்கு அந்தத் தொல்லை இல்லை. பழைய முறை எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் புதியது கால் ஊன்றுகிறது என்பது என் கருத்து.

ஜப்பானின் யமாட்டோ 1 கப்பல் 1992-இல் மின்காந்த விசையால், நீருக்குள் சுழலும் பாகம் எதுவுமின்றி ஓடியது. ஆனால் கடல்நீர் மின்சாரத்தைப் போதிய அளவு கடத்தாது, மீக்கடத்திக் காந்தங்களின் (மின்தடையே இல்லாத கம்பிச்சுருளால் ஆன வலுவான மின்காந்தங்களின்) எடையும் அதிகம். வேகம் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டரோடு நின்றது. செங்குத்தாகச் சுழலும் தூண்களின் மீது காற்று மோதி உண்டாகும் விசையால் நகரும் ஆன்டன் ஃபிளெட்னரின் சுழல்தூண் கப்பல் புக்காவு 1924-இல் ஓடியும், மலிவான எரிபொருளுக்கு முன் அம்முறை நிலைக்கவில்லை. இன்று எரிபொருளை மிச்சப்படுத்த அதே தூண்கள், புரொப்பல்லருக்குத் துணையாக, சரக்குக் கப்பல்களுக்குத் திரும்பியிருக்கின்றன. உங்கள் ஏரியில் புரொப்பல்லர் தடுமாறுகிறது. ஆகவே முயற்சி வீணல்ல.

நாணல்:
இருவருக்கும் நன்றி. செய்து பார்த்த பின் எது மேல் என்று எப்படி அளப்பது?

அச்சாணி:
கரையில் கட்டி இழுவிசையை மட்டும் தராசில் அளந்து முடிவு செய்யாதீர்கள். நின்ற நிலையில் நன்றாக இழுப்பது ஓடும்போதும் சிக்கனமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதே படகை, அதே எடையோடு, அதே வேகத்தில் இரண்டு முறைகளிலும் ஓட்டி, பேட்டரியின் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் வாட்டை ஒப்பிடுங்கள். காற்று ஏமாற்றாதிருக்க இரு திசைகளிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். ஒற்றைத் தகடு படகின் பின்புறத்தையே ஆட்டும் என்பதால், எதிரெதிராக வீசும் இரண்டு தகடுகள் நல்லது. முன்விளிம்பைப் பின்னோக்கிச் சாய்த்து, தகடு அசையும் கீலை (மூட்டை) நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீல் நீருக்குள் இருந்தால் வேர் அங்கே போய்ச் சுற்றிக்கொள்ளும்.