மறு: சூப்பர் எக்ஸ்சேஞ்ச் – ‘மீப்பரிமாற்றம்’ வேண்டாம், ‘தரகுப் பரிமாற்றம்’னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கங்க. சேலத்துல இருந்து எழுதறேன், காந்தவியல்ல வர்ற ‘சூப்பர் எக்ஸ்சேஞ்ச்’ங்கற சொல்லுக்கு தமிழ்ல என்ன வைக்கலாம்ங்கற இந்த இழைய ரெண்டு நாளா படிச்சுட்டே இருந்தேன்.

> மீக்கடத்தி இருக்கும்போது மீப்பரிமாற்றம்னே வச்சுரலாமே

அண்ணா, இதுல எனக்கு மனசு ஒப்பலைங்க. மீக்கடத்தியில, அதாவது சூப்பர் கண்டக்டர்ல, மின்தடையே இல்லாம போயிடுது, அதனால ‘மீ’ பொருந்துது. இங்க அப்படி மிகுதியா ஒன்னும் நடக்கல. ரெண்டு உலோக அயனி எட்டாத தூரத்துல இருக்கு, நடுவுல ஆக்சிஜன் மாதிரி காந்தமே இல்லாத ஒரு அணு, அது மூலமா ஒரு அயனியோட ஸ்பின் (எலக்ட்ரானோட குட்டிக் காந்தத் திசை) எந்தப் பக்கம்னு இன்னொரு அயனிக்கு தெரிஞ்சுடுது. 1934ல இயற்பியலாளர் கிராமர்ஸ் சொன்னதும் 1950ல ஆண்டர்சன் கணக்கு போட்டதும் இந்த நடுவுல இருக்கறவர பத்திதான். மீப்பரிமாற்றம்னா புள்ளைங்க ‘ரொம்ப பலமானது’ன்னு எழுதிட்டு போயிடும்.

எங்க பக்கம் மாட்டுச்சந்தையில துண்டுக்கு அடியில விரல புடிச்சு விலை பேசுவாங்க. விக்கறவர் கை ஒரு பக்கம், வாங்கறவர் கை ஒரு பக்கம், நடுவுல தரகர். அப்படியே இதுதாங்க. கஞ்சமலை கல்லுல காந்தம் ஒட்டுதே, அதுல இருக்கற மேக்னடைட்டுல ரெண்டு வகை இடத்துல இரும்பு உக்காந்திருக்கு, இந்த வகையும் அந்த வகையும் எதிரெதிரா திரும்பி நிக்கறது ஆக்சிஜனோட தரகாலதான், ரெண்டு பக்கமும் சமமா இல்லாததால மிச்சம் நிக்கற காந்தத்ததான் நாம பார்க்கறோம்.

> தரகுன்னா கமிஷன் ஞாபகம் வருது, பாலப் பரிமாற்றம் போதும்

பாலம்னா ஏறி அந்தப் பக்கம் போயிடறதுங்க. எலக்ட்ரான் நெசமாவே அப்படி தாண்டிப் போறது வேற சமாச்சாரம், 1951ல ஜீனர் சொன்ன டபுள் எக்ஸ்சேஞ்ச், அத இரட்டைப் பரிமாற்றம்னு தனியா வச்சுக்கணும். தரகுல சரக்கு இடம் மாறல, பேச்சுதான் முடியுது. இன்னொன்னு, தரகர் எப்படி நிக்கறார்ங்கறத பொறுத்து பேரமே மாறுது. ரெண்டு ஹைட்ராக்சைடு நடுவுல இருக்கற காப்பர் சேர்மங்கள்ல ஆக்சிஜன்கிட்ட கோணம் சுமார் 97.5 டிகிரிய தாண்டுச்சுன்னா ரெண்டு காப்பரும் எதிரெதிரா, அதுக்கு கீழ ஒரே பக்கமா. பாலம்ங்கற சொல்லுல இந்த உயிர் இல்லைங்க. ஈனிய (உலோகத்தோட ஒட்டிக்கற அணு இல்லன்னா மூலக்கூறு, லிகாண்ட்) பால ஈனின்னு சொல்லிக்கலாம், அதுக்கு நான் தடை சொல்லல.

இப்ப எனக்கு உண்மையா சொல்லு தேவைப்படற இடம், இடைநிலை உலோகத்தையும் அருமண் தனிமத்தையும் ஒரே மூலக்கூறுல சேர்க்கற அணைவுச் சேர்மங்கள். காப்பர் அசிடேட்டுல ரெண்டு காப்பரும் எதிரெதிரா நிக்கறதுக்கும் ஒரே பக்கமா நிக்கறதுக்கும் ஆற்றல் வித்தியாசம் செ.மீ. தலைகீழ் (cm⁻¹) அலகுல 300 பக்கம் வருது, காப்பருக்கும் கடோலினியம்ங்கற அருமண் தனிமத்துக்கும் பார்த்தா இந்த காந்த இணைப்போட பலம் அதே அலகுல பெரும்பாலும் பத்துக்குள்ள நின்னுடுது. ஏன்னா கடோலினியத்தோட 4எஃப் எலக்ட்ரான் ஏழும் 5எஸ், 5பி கூடுகளுக்கு உள்ள ஒளிஞ்சு கிடக்கு, தரகரோட விரலுக்கு எட்டவே மாட்டேங்குது. அப்படியும் பெரும்பாலும் ரெண்டும் ஒரே பக்கமா நிக்குது, 1985லயே இத அளந்துட்டாங்க. காரணமா சொல்றது என்னன்னா, காப்பரோட 3டி எலக்ட்ரான் கடோலினியத்தோட காலியான 5டிக்குள்ள கொஞ்சம் தலைய நீட்டுது, உள்ள போனதும் ஹுண்ட் விதிப்படி (ஒரே அணுவுல தனித்தனியா இருக்கற எலக்ட்ரான்கள் ஒரே பக்கமா நிக்கும்ங்கறது) அந்த ஏழு கூடவும் ஒரே பக்கமா நின்னாகணும். அதாவது வெளிய ஆக்சிஜன் ஒரு தரகர், அயனிக்கு உள்ளயே 5டி இன்னொரு தரகர். மீப்பரிமாற்றத்த வச்சுகிட்டு இத எப்படிங்க வகுப்புல சொல்றது?

கடோலினியத்துக்கு பதிலா டெர்பியம், டிஸ்ப்ரோசியம்ங்கற வேற அருமண் தனிமங்கள போட்டா காந்தம் ஒரே அச்ச புடிச்சுக்கற குணமும் சேர்ந்துக்குது, 2004ல காப்பர்-டெர்பியம் சேர்மம் ஒன்னு தனி மூலக்கூறு காந்தமாவே, அதாவது ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனிக் காந்தம் மாதிரி, நடந்துகிச்சு. அந்த அச்சு குணத்துக்கு பாடப்புத்தகத்துல இருக்கற ‘திசையொப்புப் பண்பற்ற’ங்கறது வாயில நுழையல, அத தனி இழையில பேசலாம்.

‘இன்டராக்ஷன்’ங்கறதுக்கு யாழ்ப்பாணத்து அக்கா ‘இடைத்தாக்கம்’னு எழுதறாங்க, இங்க ‘இடைவினை’, ரெண்டும் இருக்கட்டும்.

நேர்ப் பரிமாற்றம் (நடுவுல யாரும் இல்லாம நேரடியா நடக்கறது), தரகுப் பரிமாற்றம், இரட்டைப் பரிமாற்றம், நடுவுல இருக்கற அணுவுக்கு தரகணு, இந்த நாலையும் முன்வைக்கறேன். அந்த 5டிக்கு மட்டும் ‘உள்தரகு’ன்னு எழுதி வச்சிருக்கேன், நல்லதா வேற சொல்லு யாருக்காச்சும் தோணுச்சுன்னா சொல்லுங்க, வர்ற திங்கக்கிழமை வகுப்புல இதத்தான் நடத்தணும்.