கட்டணம் கட்டித்தானே படித்தோம்?

நொய்யல்கரை:
சென்ற ஞாயிறன்று கோவையில் நடந்த முன்னாள் மாணவர் கூட்டத்தில், "பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்க நாம் கடன்பட்டிருக்கிறோமா? கட்டணம் கட்டித்தானே படித்தோம்" என்று பவானியார் கேட்டதும், அதற்குப் பாதிப்பேர் கைதட்டியதும் எனக்கு இன்னும் ஆறவில்லை. நாம் கட்டியது சிறு பங்கு. ஆசிரியர் சம்பளத்தையும் ஆய்வுக்கூடத்தையும் சுமந்தது அரசு மானியம். அதாவது கல்லூரி வாசலையே மிதிக்காத நூற்பாலைத் தொழிலாளி சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கொடுத்த வரி. நாம் இலவசமாகப் படித்தவர்கள். ஆண்டுக்கு 1,000 ரூபாய் கொடுப்பது நம் கடமை.

பவானியார்:
இலவசம் என்ற சொல்லை முதலில் திரும்பப் பெறுங்கள். என் தந்தை எருமையை விற்று விடுதியின் மெஸ் பணத்தைக் கட்டினார். ஒரு மாத நிலுவைக்காக எனக்குத் தேர்வு நுழைவுச்சீட்டு தர மறுத்தார்கள். அது இலவசமா?

நொய்யல்கரை:
மெஸ் பணம் நாம் உண்ட சோற்றுக்கு, படிப்புக்கு அன்று. வீட்டில் இருந்திருந்தாலும் உண்டிருப்போம்.

பவானியார்:
வீட்டில் உண்ட சோற்றுக்காக யாரும் நுழைவுச்சீட்டை நிறுத்துவதில்லை.

பொள்ளாச்சி வாசகன்:
கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆண்டுதோறும் என்பதில்தான் மறுப்பு. எங்கள் அணியினர் ஒரே முறையாக ஒரு லட்சம் திரட்டி வைப்புநிதியாகப் போட்டோம். ஏழு விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 7,000 ரூபாய் வரும்; அது முதல் மதிப்பெண் பெறும் மாணவிக்குப் போகும். ஒவ்வோர் ஆண்டும் வாசலில் வந்து கேட்க வேண்டியதில்லை.

நொய்யல்கரை:
காளிங்கராயன் வாய்க்காலை 13ஆம் நூற்றாண்டில் ஒரு முறைதான் வெட்டினார்கள். ஆனால் தூர் வாராமல் விட்டிருந்தால் ஈரோட்டுப் பக்கம் இன்று ஒரு வயலுக்கும் தண்ணீர் பாயாது. உங்கள் வட்டி பரிசுக்கு மட்டும் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்; பழுதான நுண்ணோக்கிக்கும், மாணவியர் விடுதியின் தண்ணீர் மோட்டாருக்கும், நின்றுபோன ஆய்விதழ்ச் சந்தாவுக்கும் அதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியாது. பத்து ஆண்டுகள் கழித்து அந்த 7,000 ரூபாய்க்கு எத்தனை புத்தகம் வாங்க முடியும்? ஆயிரம் பேர் ஆண்டுக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் பத்து லட்சம். எது உடைந்ததோ அதற்குச் செலவிடலாம். நுழைவாயில் வளைவுக்கும் சலவைக்கல்லில் பெயர் வெட்டுவதற்கும் உங்கள் அணி செய்த செலவை நான் மறக்கவில்லை.

பொள்ளாச்சி வாசகன்:
வளைவுக்குச் சம்மதம் என்று கையெழுத்திட்டவர்களில் நீங்களும் ஒருவர். கல்லில் உங்கள் பெயர் விடுபட்ட பிறகுதான் அது வீண்செலவு ஆயிற்று.

நொய்யல்கரை:
நான் கையெழுத்திட்டது நூலகத்துக்கு. கூட்டக் குறிப்பை எடுத்துப் பாருங்கள்.

சேலத்து ஆசிரியை:
ஐயா, வளைவை விடுங்கள். நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கும் என்று கூட்டத்தில் ஆசை காட்டினீர்கள். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. குலதெய்வக் கோயிலுக்கு நாம் முகம் சுளிக்காமல் ஆண்டுதோறும் வரி கொடுப்பது, பொங்கல் முடிந்ததும் எல்லார் முன்னும் கணக்கு வாசிப்பதால்தான். பல்கலைக்கழகம் அப்படி வாசிக்குமா?

நொய்யல்கரை:
கணக்கு கேட்கும் உரிமை கொடுத்தவனுக்குத்தான் வரும், அம்மா. கொடுக்காமல் கேட்பவனுக்கு யார் பதில் சொல்வார்கள்? பவானியாருக்கு இன்னொன்று. கோவையில் 1906 முதல் இயங்கும் வேளாண் கல்லூரிதான் 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதன் பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் தந்தவைதான் பி.எஸ்.ஆர். மஞ்சள் ரகங்கள். பொதுப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தின் பயன் படிக்காதவர் காட்டுக்கும் வந்திருக்கிறது. உங்கள் தந்தையின் காட்டுக்கும்தான்.

பவானியார்:
என் தந்தை நட்டது ஈரோட்டு நாட்டு மஞ்சள். அதற்கு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் நாங்கள் கடன்படவில்லை.

நொய்யல்கரை:
மஞ்சள் எதுவாகவும் இருக்கட்டும். நீங்கள் அமர்ந்த வகுப்பறைக்கு யார் பணம் கொடுத்தார்கள்? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பவானியார்:
மெஸ் ரசீதுகளை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். இலவசம் என்ற சொல்லை அங்கே என் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:
கொண்டு வாருங்கள். அவற்றில் உணவுக் கட்டணம் என்றுதான் எழுதியிருக்கும்.