கார்ப்பின்டீரியா உப்புச் சதுப்பு: மண்டையோட்டைத் திறந்தபோது

உப்பங்கழி:
கலிபோர்னியாவின் இந்தச் சதுப்பில் யூஹாப்லார்கிஸ் என்ற ஒட்டுண்ணித் தட்டைப்புழு கொம்பு நத்தையிலிருந்து கில்லி மீனின் மூளைக்கும், அந்த மீனைத் தின்னும் கொக்குக்கும் போகும் சுற்று இங்கே எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன். கண்ணை விட்டு அகலாதது மீனின் மண்டையோட்டு மேல்தகட்டை நுண் இடுக்கியால் பெயர்த்த நொடி. மூளையின் மேல் உருண்டை உருண்டையாக, புழுக்குஞ்சு அடங்கிய உறைக்கூடுகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. ஒரே மீனில் ஆயிரத்துக்கும் மேல். மீன் மெலியவே இல்லை. ஆனால் தொட்டியில் இருந்தவரை அடிக்கடி மேலே வந்து, பக்கவாட்டில் புரண்டு, வயிற்றைப் பளிச்சென்று காட்டிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட மீன்கள் பறவையிடம் சிக்குவது 10 முதல் 30 மடங்கு அதிகம் என்று ஆய்வாளர்கள் லாஃபர்ட்டியும் மோரிஸும் 1996-லேயே காட்டிவிட்டார்கள். அப்படியென்றால் கொக்கின் இரைக் கணக்கில் பாதி புழு எழுதியதுதானே?

சேற்றுநண்டு:
மீனை விடுங்கள், நத்தைக்குள் நடப்பதைப் பாருங்கள். ஓட்டை உடைத்தால் இனப்பெருக்க உறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் புழுக்கூட்டம். அந்த நத்தை இனி முட்டையிடாது, தின்பதெல்லாம் புழுவுக்கு. ஒரே நத்தையில் இரண்டு புழு இனம் புகுந்துவிட்டால், ஓர் இனத்தின் ரீடியா (நத்தைக்குள் வளரும், வாயுள்ள புழு நிலை) அடுத்த இனத்தின் ஸ்போரோசிஸ்ட்டை (வாயில்லாத, பை போன்ற நிலை) விழுங்குகிறது. விழுங்கியது அதன் குடலில் கிடப்பது லென்ஸுக்குக் கீழே தெரிந்தது. யார் யாரைத் தின்பது என்று காட்டும் உணவு வலையில் இதுவும் ஒரு கோடுதான், யாரும் வரைவதில்லை.

கரைநடை:
உப்பங்கழி, "பாதி" என்பது அதிகப்படி. 10–30 மடங்கு என்பது ஒரு மீன் பிடிபடும் வாய்ப்பு; கொக்கின் மொத்த இரையில் பங்கு அல்ல. இரண்டையும் கலந்தால் கணக்கு கெட்டுவிடும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் நத்தையிலும் மீனிலும் புழுவை எண்ணப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு குவளைக்கு ஒரே நத்தை, கடல்நீர், மேலே விளக்கு, சில மணி நேரம். வால் ஆட்டிக்கொண்டு செர்கேரியா (நத்தையை விட்டு நீந்தி வெளியேறும் புழுக்குஞ்சு) வெளிவந்தால் தொற்று உண்டு. வரவில்லை என்பதற்காக "தொற்று இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். புதுத் தொற்றில் செர்கேரியா இன்னும் முதிர்ந்திருக்காது. அதனால் உடைத்துத்தான் ஆகவேண்டும். சுத்தியல் வேண்டாம், குடல் நசுங்கிக் கலங்கிவிடும்; பட்டறைப் பிடிப்பானில் வைத்து மெல்ல முறுக்கி, ஓடு விரிசல் விட்டதும் நிறுத்துங்கள். சுருளின் நுனிப்பக்கம்தான் முக்கியம். வாயும் தொண்டையும் இருந்தால் ரீடியா, வெறும் பையாக இருந்தால் ஸ்போரோசிஸ்ட். குழாய்த் தண்ணீரை ஊற்றவே கூடாது, புழு உப்பி வெடித்து அடையாளம் போய்விடும். மீன் மூளையை அன்றே பாருங்கள், வைத்திருந்தால் குழைந்துவிடும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே லேசாக அழுத்தி, கட்டம் கட்டமாக எண்ணுங்கள்.

இந்த வேலையைச் செய்யாததால்தான் பழைய உணவு வலைப் படங்களில் ஒட்டுண்ணியே கிடையாது. 2006-ல் சேர்த்து வரைந்தபோது சராசரியாக 75 சதவீதத் தொடர்புகளில் ஒட்டுண்ணி வந்து நின்றது. 2008-ல் கலிபோர்னியா, பாஹா கலிபோர்னியா கழிமுகங்கள் மூன்றில் எடை போட்டார்கள்: ஓராண்டில் நீந்தி வெளியேறும் தட்டைப்புழுக் குஞ்சுகளின் எடை அங்குள்ள பறவைகளின் எடையைவிட அதிகம். அவற்றில் பெரும்பகுதி தாம் ஒட்டி வாழ வேண்டிய அடுத்த ஓம்புயிரைச் சேராமலே வேறு யாருக்கோ இரையாகிறது. அந்தக் கோடுகளையும் வரையுங்கள்.

மலையோடை:
கரைநடை சொன்னது சரி, ஆனால் மொத்த இரையிலேயே பெரும்பங்கு புழுவால் வரும் இடமும் உண்டு. ஜப்பானின் கீ தீபகற்பத்து ஓடை. பூச்சிக்குள் வளரும் குதிரைமயிர்ப் புழு முற்றியதும் வெட்டுக்கிளியும் குகைப்பாச்சையும் தாமாகவே தண்ணீரில் குதிக்கின்றன. குதித்த பாச்சையின் பின்பக்கத்திலிருந்து கறுப்பு நூல் போல முறுக்கி முறுக்கி வெளியே வரும். புழு முழுதாக வருவதற்குள் மீன் பாச்சையைக் கவ்விவிடும். அங்குள்ள அருகிவரும் சார் (char) என்ற ஓடை மீனுக்கு ஆண்டு முழுதும் கிடைக்கும் ஆற்றலில் சுமார் 60 சதவீதம் இந்தப் பூச்சிகளே. பூச்சி விழாமல் தடுத்துப் பார்த்தபோது மீன் ஓடையடிப் பூச்சிகளைத் தின்று தீர்த்தது, பாசி பெருகியது, இலைச்சருகு மட்குவதும் குறைந்தது.