‘நம்ம குடும்பம்’ குழு: ஞாயிறு காலை பேட்டரி பேச்சு

பெரியப்பா 8:02
(பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது)
அதிரடி!! 2027 முதல் உலகம் முழுக்க எல்லா செல்போனிலும் பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாட்டலாம்!! பேட்டரியைப் பசை வைத்து ஒட்டிய போன்களுக்குத் தடை!! அனைவருக்கும் பகிரவும் 🙏🙏

செல்வி அத்தை 8:05
நல்லதாப் போச்சுண்ணே. முன்னாடி நகத்தாலயே மூடியைத் திறந்துருவோம்

மீனா (ஜெர்மனி) 8:11
பெரியப்பா, இதுல பாதிதான் சரி. உலகம் முழுக்க இல்ல, ஐரோப்பிய ஒன்றியத்துல விக்கிற போனுக்கு மட்டும். 2027 பிப்ரவரி 18-ங்கிறது பேட்டரிக்கான பொது விதி. போனுக்கும் டேப்லெட்டுக்கும் தனி விதி 2025 ஜூன் 20-லயே வந்துருச்சு

மீனா (ஜெர்மனி) 8:12
நகத்தால திறக்கணும்னும் எங்கயும் சொல்லல. கடையில கிடைக்கிற சாதாரண ஸ்க்ரூ டிரைவர் போதும்னு இருக்கணும், சூடு காட்டவோ கெமிக்கல் ஊத்தவோ தேவை வரக்கூடாது. பொது விதி கேக்கிறது அவ்வளவுதான்

பாபு மாமா 8:14
அப்ப பசைக்குத் தடைதானே?

மீனா (ஜெர்மனி) 8:19
இல்ல மாமா, போன் விதியில ஒரு சந்து விட்டிருக்காங்க. 500 சார்ஜ் சுழற்சிக்கு அப்புறம் 83 சதவீதம், 1000-க்கு அப்புறம் 80 சதவீதம் மிச்சம் இருக்கணும். கூடவே 1 மீட்டர் தண்ணியில 30 நிமிஷம் கிடந்தாலும் உள்ள போகக்கூடாது. இது எல்லாம் இருந்தா, வீட்டுல மாத்துற மாதிரி செய்யணும்னு கட்டாயம் இல்ல, சர்வீஸ் ஆளு மாத்தினா போதும். விலை கூடின போன் எல்லாம் அந்தச் சந்துலயே போயிரும்

பெரியப்பா 8:21
சுழற்சின்னா சார்ஜர் சொருகுற எண்ணிக்கை இல்லம்மா. 50 சதவீதம் ரெண்டு தடவை ஏத்தினா ஒண்ணு. செல்வி அடிக்கடி கேப்பா, அதுக்காகச் சொன்னேன்

கார்த்தி 8:30
குட் மார்னிங். மூடி கழட்டுறதைப் பத்தியே எல்லாரும் பேசுறீங்க. மூடி ஒரு விஷயமே இல்ல. உள்ள பேட்டரியை எப்படி ஒட்டியிருக்கான், அஞ்சு வருசம் கழிச்சு அந்த நம்பர் பேட்டரி புதுசா கிடைக்குமா, இந்த ரெண்டுதான் போனோட ஆயுள்

மீனா (ஜெர்மனி) 8:32
கரெக்ட்ண்ணா. அந்த விதியிலயே எனக்கு உருப்படியாப் பட்டது இதுதான்: மாடல் விக்கிறதை நிறுத்தின பிறகும் 7 வருசம் பேட்டரி ஸ்பேர் கொடுக்கணும்

பாபு மாமா 8:34
மாப்ள, முன்னாடி மாதிரி கழட்டி மாட்டுற போனையே செஞ்சா என்ன குறைஞ்சு போகுது? காசு புடுங்கத்தானே?

கார்த்தி 8:41
காசும் இருக்கு மாமா, ஆனா அது மட்டும் இல்ல. இப்ப போனுக்குள்ள இருக்கிறது மெத்துனு பை மாதிரி செல். அலுமினியத் தாள் உறை, அவ்வளவுதான். அதைக் கையில கொடுத்தா வளைச்சிருவோம், சாவிக்கொத்தோட பையில போடுவோம். அதனால கழட்டுற பேட்டரிக்கு கெட்டி பிளாஸ்டிக் கூடு வேணும், ஸ்ப்ரிங் முள்ளு வேணும், அது உக்கார போனுக்குள்ள தனியா குழி வேணும். இது எல்லாம் சேர்ந்து செல் இருக்க வேண்டிய இடத்தைத் தின்னுரும்

கார்த்தி 8:43
சாம்சங் எக்ஸ்கவர் 7 பாருங்க. பின்மூடி கழட்டலாம், ஐபி68-ம் (தூசி, தண்ணி காப்போட அளவு) உண்டு. ஆனா 4050 எம்ஏஹெச் (பேட்டரி கொள்ளளவு) தான், 10.2 மி.மீ. தடிமன், 240 கிராம். இதே அளவு திரையில பேட்டரி ஒட்டின சாதாரண போன் 5000 கொடுக்குது, கனமும் கம்மி

பெரியப்பா 8:46
தண்ணி புகும், அதான் கழட்ட முடியாதுங்கிறது பொய்யா அப்ப?

கார்த்தி 8:50
முழுப் பொய் பெரியப்பா. 2014-லயே கேலக்ஸி எஸ்5 கழட்டுற மூடியோட ஐபி67 வந்துச்சு. மூடி உள்பக்கம் ஒரு ரப்பர் விளிம்பு, அதை சுத்திவர அழுத்தி மூடணும், சார்ஜ் ஓட்டைக்கும் ஒரு மூடி. ஆனா அந்த ரப்பர்ல ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணி உள்ள போயிரும். பசை போட்டா அந்தப் பொறுப்பு கம்பெனியோடது, ரப்பர்னா நம்மளோடது. கம்பெனிக்கு எது சௌகரியம்னு நீங்களே பாத்துக்கங்க

மீனா (ஜெர்மனி) 8:53
இங்க ஃபேர்போன் 5 அப்படித்தான். நகத்தால மூடி, 4200 எம்ஏஹெச், ஆனா ஐபி55 தான். மழையில பேசலாம், தொட்டியில போடக்கூடாது

பெரியப்பா 8:58
கழட்டுற பேட்டரியோட அருமை ஒண்ணு யாரும் சொல்லல. 2007-ல நோக்கியா பி.எல்-5சி பேட்டரி சூடாகுதுன்னு 4.6 கோடி பேட்டரிக்கு அறிவிப்பு விட்டான். நம்பரைப் பாத்து, பேட்டரியை மட்டும் மாத்திக் கொடுத்தான், போன் வீட்டுலயே இருந்துச்சு. 2016-ல சாம்சங் நோட் 7 தீப்பிடிச்சப்ப பேட்டரி உள்ள ஒட்டி இருந்ததால முதல் சுற்றுலயே 25 லட்சம் போனை முழுசாத் திரும்ப வாங்க வேண்டியதாப் போச்சு

பாபு மாமா 8:59
மச்சான் பாயிண்ட்டுக்கு வந்துட்டாரு 👏

செல்வி அத்தை 9:03
என் போன்ல 20 சதவீதம் காட்டும்போதே அணைஞ்சிருது. சார்ஜர் சொருகினா மறுபடி 18-னு காட்டுது. பேட்டரியா, போனா?

பெரியப்பா 9:09
பேட்டரிதான். பழசாக ஆக உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளயே கரண்ட்டுக்கு இருக்கிற தடை, ஏறும். 20 சதவீதத்துல பேட்டரி 3.7 வோல்ட் காட்டும். கேமராவைத் திறந்தா 2 ஆம்பியர் இழுக்கும். உள்தடை 0.2 ஓம்னு வை, 0.4 வோல்ட் அங்கயே விழுந்துரும். மிச்சம் 3.3. அதுக்குக் கீழ போன் ஓடாது, அணைச்சிரும். விட்டதும் வோல்டேஜ் மறுபடி ஏறும், அதான் 18 காட்டுது

மீனா (ஜெர்மனி) 9:11
2017-ல ஐபோன் வேகத்தைக் குறைச்சாங்கன்னு பெரிய சண்டை வந்ததும் இதே காரணத்துக்குத்தான். பொசுக்குனு அணையக்கூடாதுன்னு பழைய பேட்டரி உள்ள போனை மெதுவாக்கினாங்க, ஆனா சொல்லாமச் செஞ்சாங்க. அப்புறம் பேட்டரி மாத்துற விலையை 79 டாலர்ல இருந்து 29-க்கு இறக்கினாங்க. புது பேட்டரி போட்டதும் பழைய போன் பழைய வேகத்துக்கு வந்துருச்சு

கார்த்தி 9:13
அத்தை, போனைக் கண்ணாடி மேஜையில திரை மேல பாக்க வச்சு ஒரு ஓரத்தை விரலால சுண்டிப் பாருங்க. சுத்துதா?

செல்வி அத்தை 9:17
பம்பரம் மாதிரி சுத்துதுடா. ஓரத்துல மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவுல நகம் போகுது

கார்த்தி 9:18
பேட்டரி உப்பியிருக்கு. சார்ஜ் போடாதீங்க. அமுக்கி ஒட்டப் பாக்காதீங்க. மாமா, நீங்க யூடியூப் பாத்துட்டுத் திறக்கக் கூடாது

பாபு மாமா 9:19
திறக்கல மாப்ள 😐 எப்படிச் செய்வீங்கன்னு மட்டும் சொல்லு

கார்த்தி 9:36
சொல்றேன். இது உப்பாத பேட்டரிக்கு.

சார்ஜ் 25-க்குக் கீழ இறக்கணும். நிறைஞ்ச பேட்டரியில கீறல் விழுந்தா தீ, காலியானதுல ஆபத்து கம்மி. போனை அணைச்சு முதல்ல சிம் தட்டை உருவணும், மறந்தா மூடியோட அதுவும் உடையும். பின்மூடியை 70–80 டிகிரி சூடு, ரெண்டு மூணு நிமிஷம். மெல்லிசு பிளாஸ்டிக் கார்டு விட்டு சுத்திவரணும், ஆழமா விடக்கூடாது. ரேகை சென்சார் பட்டை ஓரத்துல இருக்கிற மாடல்ல அதுதான் முதல்ல அறுபடும்.

ஸ்க்ரூ பத்துப் பதினஞ்சு வரும், எல்லாம் ஒரே நீளம் இல்ல. ஒரு தாள்ல போன் படம் வரைஞ்சு அந்தந்த இடத்துலயே குத்தி வைக்கணும். நீள ஸ்க்ரூவை குட்டை ஓட்டையில முறுக்கினா போர்டுக்குள்ள இருக்கிற கோடு அறுந்துரும், அப்புறம் பேட்டரி செலவு போர்டு செலவாயிரும்.

வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி பேட்டரி கனெக்டர். பிளாஸ்டிக் முனையால நேரா மேல தூக்கணும், இரும்பு ஆகாது

கார்த்தி 9:42
இப்பத்தான் அசல் வேலை. ஒட்டுக்கு இழுப்பு நாடா இருந்தா மெதுவா, பேட்டரியோட படுக்கையா, சாய்வு இல்லாம இழுக்கணும். அவசரப்பட்டா பாதியில அறுந்துரும். அறுந்தா 90 சதவீதத்துக்கு மேல இருக்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஓரத்துல நாலஞ்சு சொட்டு, மூணு நிமிஷம் காத்திருந்து, பிளாஸ்டிக் கார்டை உள்ள விட்டு நகத்தணும். நெம்பித் தூக்கினா பேட்டரி வாழை மட்டை மாதிரி வளையும். வளைஞ்சா உள்ள இருக்கிற படலம் கிழிஞ்சு ஷார்ட். எங்க போன் ரிப்பேர் லைன்ல தீ புடிக்கிறது பெரும்பாலும் இந்த இடத்துலதான்

மீனா (ஜெர்மனி) 9:45
ஐபோன் 16-ல இதுக்கு ஒரு நல்ல வழி. 9 வோல்ட் பேட்டரியைக் கிளிப்பால கொடுத்தா ஒன்றரை நிமிஷத்துல பசை தானா விட்டுரும்

கார்த்தி 9:48
ஆமா, அது வரவேற்கணும். திரும்ப மூடும்போது: புது பேட்டரியை ஒட்டாம முதல்ல கனெக்டர் மட்டும் போட்டு ஆன் பண்ணி, சார்ஜ் ஏறுதான்னு பாத்துட்டு ஒட்டணும். மூடிக்கு புது பசை நாடா கட்டாயம். பழசு மேலயே அமுக்கிக் கொடுக்கிற கடைக்குப் போகாதீங்க. புது நாடா போட்டாலும் தண்ணி காப்பை முன்னாடி மாதிரி நம்ப வேணாம்

பெரியப்பா 9:52
காப்பி பேட்டரியை எப்படிடா கண்டுபிடிக்கிறது? எல்லாத்துலயும் ஒரிஜினல்னுதான் எழுதியிருக்கு

கார்த்தி 10:01
மேல ஸ்டிக்கர்ல எம்ஏஹெச், வோல்ட், வாட்-ஹவர் மூணும் இருக்கும். முதல் ரெண்டையும் பெருக்கி ஆயிரத்தால வகுத்துப் பாருங்க: 5000 எம்ஏஹெச், 3.87 வோல்ட்னா 19.35 வாட்-ஹவர். கணக்கு இடிச்சா வேணாம். பேட்டரி பாதுகாப்புக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 16046-ம் ஆர்-ல ஆரம்பிக்கிற பதிவு எண்ணும் இருக்கணும். நகை தராசு இருந்தா எடை போடுங்க, 5000 பேட்டரி 70 கிராம் பக்கம் வரும், 50 வந்தா உள்ள சின்ன செல். அதே அளவுல “6000 சூப்பர்”னு ஒண்ணு வரும், அதைத் தொடவே தொடாதீங்க

கார்த்தி 10:03
ஒரிஜினலே ஆனாலும் தயாரிப்பு தேதி பாருங்க. பெட்டியில சும்மா கிடந்தாலும் லித்தியம் கெழடாகும். நாலு வருசப் பழைய ஒரிஜினலை விட போன மாசம் செஞ்ச நல்ல கம்பெனி பேட்டரி மேல். கழட்டுற போன் வச்சிருக்கிறவங்க ஸ்பேரா ஒண்ணு வாங்கி பீரோவுல வைக்கிறதும் அதனாலதான் வீண். வச்சே ஆகணும்னா 40–50 சதவீதத்துல வைங்க, காலியாவோ நிறைச்சோ வேணாம்

பாபு மாமா 10:06
அதுக்குப் பவர் பேங்க்கே போதுமே. 10000-னா என் 5000 போனுக்கு ரெண்டு தடவை

பெரியப்பா 10:08
வராது மாப்பிள்ளை. அந்த 10000 உள்ள இருக்கிற செல்லோட 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டா ஏத்தும்போதும் போன்ல இறக்கும்போதும் சூடாப் போயிரும். பின்னாடி பொடி எழுத்துல “ரேட்டட்”னு 6000 பக்கம் போட்டிருப்பான் பாருங்க. ஒண்ணரை தடவை வந்தா ஜாஸ்தி

மீனா (ஜெர்மனி) 10:12
மாத்துறதை விட மாத்தாம இருக்கிறது சுலபம். சார்ஜை 80-ல நிறுத்துற வசதி இப்ப நிறைய போன்ல இருக்கு, போட்டு வைங்க. சூடுதான் எதிரி. 35 டிகிரிக்கு மேல சார்ஜ் போட்டுக்கிட்டே வீடியோ பாக்கிறது, கார் டேஷ்போர்டு, தலையணைக்கு அடியில. நம்ம ஊர் மே மாசத்துக்கு வேகச் சார்ஜை அணைச்சு வச்சாலே நல்லது

செல்வி அத்தை 10:15
எல்லாம் சரிடா. இப்ப இந்த உப்பினதை எங்க வைக்க? ஃபிரிட்ஜுல வைக்கவா?

கார்த்தி 10:16
ஐயோ வேணாம் அத்தை. போனை அணைச்சு மண் சட்டியில காஞ்ச மணல் போட்டு அது மேல வைங்க. மாடியில நிழல்ல, துணி காயப்போடுற பக்கம் இல்லாம. நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன். குப்பையில போட்டுராதீங்க, குப்பை வண்டியில நசுங்கினா அங்க பத்திக்கும்

செல்வி அத்தை 10:21
குழம்புச் சட்டிதான் இருக்கு

கார்த்தி 10:21
அது ஈரம் இழுத்திருக்கும். பூந்தொட்டி?

செல்வி அத்தை 10:24
துளசி செத்த தொட்டி ஒண்ணு இருக்கு

கார்த்தி 10:24
அது போதும் அத்தை. மண்ணு காஞ்சிருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க

பெரியப்பா 10:26
(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பெரியப்பா 10:27
அந்த ஃபார்வேர்டை எடுத்துட்டேன். மீனா, நீ சொன்னதை நாலு வரியில எழுதி அனுப்பும்மா, எங்க வாக்கிங் குழுவுல போடணும்